மூலை குறைந்த சதுரம்

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் மாலை வேளையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கும். ஸகஸ்ரநாமமோ திருவாசகமோ என்று எண்ணிச் சற்றே காது கொடுத்தால், அவை இரண்டும் அல்ல என்பது தெரியவரும். "மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ், ரூட் பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏ ஸி, பை டூ ஏ" என்பதே அந்த மந்திரம். இருபடிச் சமன்பாட்டை விடுவிக்கும் சூத்திரம் அது. அதை உருப்போட்டுப் பரீட்சை மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் எண்ணிறந்தவர். அதன் பொருள் யாது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர்களோ மிகச் சிலர்.

மந்திரத்துக்குப் பொருள் கேட்கலாகாது என்று சொல்பவர்கள் உண்டு. கணிதத்தில் அந்த நியாயம் செல்லாது. பொருள் அறியாமல் நெட்டுருச் செய்த பிள்ளை, ஓர் எழுத்து மறந்துபோனால் நடுக்கடலில் துடுப்பை இழந்தவனாகிறான். பிறகு தனக்குக் கணக்கு வராது என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் ஆயுளைக் கழித்துவிடுகிறான். இது அவன் குற்றமன்று. அந்தச் சூத்திரத்தின் உள்ளே இருப்பது ஒரே ஒரு கருத்து. கோலம் போடத் தெரிந்தவர் எவரும் அதைக் கண்ணால் கண்டுகொள்ளலாம். மூலை குறைந்த ஒரு சதுரத்துக்கு அந்த மூலையை நிரப்பிக் கொடுப்பதே அக்கருத்து. நேயர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தால் இவ்வாரம் அதைப் பார்த்துவிடலாம்.

ஒரு நிலம் இருக்கிறது. அதன் நீளம் அகலத்தைவிட 6 கோல் அதிகம். பரப்பு 91 குழி. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள இடத்தைக் குழி என்று வைத்துக்கொள்வோம். நம் பழைய நில அளவையின் வழக்கும் அதுவே. அகலம் எத்தனை கோல்?

கூரிய புத்தியுள்ள பிள்ளை உடனே, "ஏழும் பதின்மூன்றும்; ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று" என்று சொல்லிவிடும். சபாஷ்! ஆனால் பரப்பு 91 அன்று, 90 குழி என்று மாற்றிச் சொன்னால் அந்தப் பிள்ளை திகைத்து நிற்கும். ஊகம் அதிருஷ்டத்தை நம்பி நடப்பது; முறை என்பதோ எந்தக் கணக்குக்கும் வந்து உதவுவது. ஆகவே முறையைக் காண்போம்.

தெரியாத அகலத்தை 'ய' என்று குறிப்போம். இந்த எழுத்தைக் காரணமின்றி எடுத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டுப் பழங்கணிதர் தெரியாத எண்ணை 'யாவத் தாவத்' என்று அழைத்தனர். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள். அதைச் சுருக்கி 'யா' என்று எழுதினர். ஆக அகலம் ய; நீளம் ய + 6. நிலத்தின் படத்தை வரையுங்கள். அதில் ஒரு பக்கம் ய அளவுள்ள சதுரம் ஒன்றைக் கோடிட்டுப் பிரித்தால், மிச்சம் நிற்பது 6 கோல் அகலமுள்ள ஒரு பட்டை. சதுரத்தின் பரப்பு ய², பட்டையின் பரப்பு 6ய. இரண்டும் சேர்ந்து 91.

ய² + 6ய = 91

இப்போது அந்தப் பட்டையை நெடுக இரண்டாகக் கிழியுங்கள். மூன்று கோல் அகலமுள்ள இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒன்றை இருந்த இடத்திலேயே, சதுரத்தின் வலப்புறத்தில், விட்டுவிடுங்கள். மற்றொன்றை எடுத்துத் திருப்பிச் சதுரத்தின் அடியில் ஒட்டுங்கள். என்ன தெரிகிறது? முன்பைவிடப் பெரிய சதுரம் ஒன்று ஏறக்குறைய உருவாகிவிட்டது. வலப்புறக் கீழ்மூலை மாத்திரம் காலியாக நிற்கிறது. அந்தக் காலியிடம் மூன்று கோல் நீளமும் மூன்று கோல் அகலமும் உள்ள ஒரு சிறு சதுரம், 9 குழி. அந்த ஒன்பதை நாம் கொண்டுவந்து வைத்துவிட்டால் பெரிய சதுரம் பூர்த்தியாகிவிடும். அதன் பரப்பு 91 + 9 = 100. நூறு குழியுள்ள சதுரத்தின் பக்கம் 10 கோல். அதில் 3 கோல் பட்டையைச் சேர்ந்தது; மிச்சம் 7. அகலம் 7 கோல், நீளம் 13 கோல்.

பரப்பு 90 குழியாக இருந்தாலும் இனி அச்சமில்லை. 90 + 9 = 99. தொண்ணூற்றொன்பதின் வர்க்கமூலத்தில் மூன்றைக் கழித்தால் விடை. அது முழு எண்ணாக வராது, அதனால் என்ன? நிலத்தின் அகலம் முழுக் கோலாகவே இருக்கவேண்டும் என்று சட்டமா?

இதைத்தான் பாடப் புத்தகங்கள் 'வர்க்கப் பூர்த்தி' என்று கூறுகின்றன. ய² + 6ய + 9 என்னும் மூவுறுப்புக் கோவை ஒரு முழு வர்க்கம். அதாவது (ய + 3)². அந்த மூன்று உறுப்புகளும் யார் யார் என்பது படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் உறுப்பு பழைய சதுரம். நடு உறுப்பு இரண்டு பட்டைகள். கடைசி உறுப்பு மூலை. ஆகவே எந்த மூலையை வைக்கவேண்டும் என்பதற்கு விதி எளிது: நடு எண்ணில் பாதி, அந்தப் பாதியின் வர்க்கம். நடுவில் 10ய இருந்தால் மூலை 25. 14ய இருந்தால் 49. ய ஒன்றே ஒன்று இருந்தால், அரையின் வர்க்கமாகிய கால்.

பிள்ளைகள் அடிக்கடி செய்யும் ஒரு பிழைக்கும் இப்படமே மருந்து. (ய + 3)² என்பதை விரித்து எழுதச் சொன்னால் ய² + 9 என்று எழுதிவிட்டு வருவார்கள். பெரிய சதுரமும் மூலையும் நினைவிருக்கின்றன. இரண்டு பட்டைகளும் மறந்துபோயின. அது தப்பு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டால் நாளைக்கும் அதே தப்பு வரும். "பட்டைகள் இரண்டும் எங்கே போயின?" என்று கேட்டால் பிறகு வராது.

இவ்வளவு எளிய காரியம் யாருக்கு முதலில் தோன்றியது? லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. அது கி.மு. 1800-ஐ ஒட்டிய காலத்தது. அதன் முதற்கணக்கு, ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் வருகிறது, பக்கம் என்ன என்று வினவுகிறது. பலகை எழுதியவன் கூறும் வழியை நம் பின்ன வாய்ப்பாட்டிலேயே சொல்லிவிடலாம். ஒன்றில் பாதி அரை. அரைக்கு அரை கால். முக்காலோடு கால் சேர்ந்தால் ஒன்று. ஒன்றின் மூலம் ஒன்று. அதில் அரை போனால் மிச்சம் அரை. பக்கம் அரை! அந்தக் கணக்கன் மனத்திற்குள் நிலத்தை வெட்டி ஒட்டியே இதைச் செய்தான் என்று டென்மார்க் அறிஞர் யென்ஸ் ஹோய்ருப் அப்பலகைகளின் சொற்களை ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்.

நம் நாட்டில் இக்கருத்து யாகசாலையில் தோன்றுகிறது. வேள்விக் குண்டங்களைச் செங்கல்லால் அளவு பிசகாமல் கட்டுவதற்கு எழுந்தவை சுல்ப சூத்திரங்கள்; 'சுல்பம்' என்றால் அளவு கயிறு. அவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும் போதாயனருடைய நூல், ஒரு நீள்சதுரத்தை அதே பரப்புள்ள சதுரமாக மாற்றுவதற்கு வழி கூறுகிறது. அகலத்தின் அளவுக்கு ஒரு சதுரத்தைப் பிரித்துக்கொண்டு, எஞ்சிய பகுதியை இரண்டாக்கி, ஒரு பாதியைத் திருப்பி அடுத்த பக்கத்தில் சேர்த்து, குறைந்த மூலையை ஒரு துண்டால் நிரப்பவேண்டும். பிறகு பெரிய சதுரத்திலிருந்து அச்சிறு சதுரத்தைக் கழிக்கும் வழியைக் கையாளவேண்டும். சற்று முன் நாம் காகிதத்தில் செய்ததும் அந்த வெட்டும் ஒட்டும்தானே! போதாயனர் சமன்பாடு எழுதவில்லை. எழுத்துக் குறியீடு எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் மூலை குறைந்த சதுரத்தை அவர் கண்டிருக்கிறார்.

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில், 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா அல்-மாமூனின் காலத்தில், அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞர் இருந்தார். நம் நாட்டு எண்முறையை அரபு உலகத்துக்கு விளக்கி நூல் எழுதியவரும் இவரே. சமன்பாடுகளைப் பற்றி இவர் எழுதிய நூலின் பெயரில் வரும் 'அல்-ஜப்ர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. முறிந்ததைச் சேர்த்தல், குறைந்ததைச் சீராக்குதல் என்பது அதன் பொருள். எலும்பு முறிவைக் கட்டுவதற்கும் அரபு மொழியில் அதே சொல் வழங்கியது. சமன்பாட்டில் கழித்து நிற்கும் உறுப்பை அடுத்த பக்கத்தில் கூட்டிக் குறையைப் போக்குவதை அவர் அச்சொல்லால் குறித்தார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது, எண் யாது என்பது அவருடைய புகழ்பெற்ற கணக்கு. விடை 3. அதற்கு அவர் காட்டும் நிரூபணம், பட்டைகளை ஒட்டி மூலையில் 25-ஐ வைக்கும் படமேதான். கணக்கின் விடையைச் சொல்வதோடு நில்லாமல், அது ஏன் சரி என்பதையும் கண்முன் நிறுத்தியது அவருடைய பெருமை.

படத்துக்கு ஒரு குறையும் உண்டு. படத்தில் பரப்பைக் கூட்டலாம். பூஜ்யத்துக்குக் குறைந்த பரப்பை எப்படி வரைவது? ஆதலால் கழித்தல் உறுப்பு வரும் கணக்குகளை அல்-குவாரிஸ்மி தனித்தனி வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போடவேண்டியதாயிற்று. அவருக்கு சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 628-இல், பிரம்மகுப்தர் தமது பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் வேறொரு வழி திறந்திருந்தார். பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்களைத் 'தனம்' என்றும், கீழ்ப்பட்டவற்றை 'ருணம்', அதாவது கடன் என்றும் கொண்டு, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். செல்வத்தையும் கடனையும் ஒரே பேரேட்டில் எழுதத் தெரிந்தபின், சமன்பாடுகளை வகை பிரிக்கும் வேலை எதற்கு? ஒரே விதி எல்லாவற்றுக்கும் போதும்.

அந்த விதியை மிக அழகிய வடிவில் அமைத்தவர் ஸ்ரீதரர். பீஜகணிதத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 1114-இல் பிறந்த பாஸ்கரர், தமது 36-ஆம் வயதில், 1150-இல், இயற்றிய பெருநூலின் பகுதியான பீஜகணிதத்தில் ஸ்ரீதரரின் பெயரைச் சொல்லி அவ்விதியை எடுத்து வைத்திருப்பதால் நாம் அதை அறிகிறோம். நூல் அழிந்தது, ஒருவர் மற்றொருவரை மரியாதையுடன் குறிப்பிட்டதால் கருத்துப் பிழைத்தது.

ஸ்ரீதரரின் விதி எந்தத் தொல்லையைத் தீர்த்தது என்று பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்தைப் போல் மூன்று மடங்கும், அவ்வெண்ணைப் போல் ஐந்து மடங்கும் சேர்ந்து 22 என்று வைத்துக்கொள்வோம்.

3ய² + 5ய = 22

முன் சொன்ன வழியில் போனால் முதலில் எல்லாவற்றையும் மூன்றால் வகுக்கவேண்டும். நடு எண் மூன்றில் ஐந்து. அதில் பாதி ஆறில் ஐந்து. அதன் வர்க்கம் முப்பத்தாறில் இருபத்தைந்து. இந்தப் பின்னக் காட்டுக்குள் புகுந்த பிள்ளை முழுதாக வெளியே வருவது அரிது. ஸ்ரீதரர் சொல்வது வேறு. வர்க்கத்தின் முன் நிற்கும் எண்ணை நான்கு மடங்காக்கி, அதனால் இரு பக்கத்தையும் பெருக்கு. பிறகு முதலில் நடுவே இருந்த எண்ணின் வர்க்கத்தை இரு பக்கமும் கூட்டு. பிறகு மூலம் எடு. இங்கே மூன்றின் நான்கு மடங்கு 12.

36ய² + 60ய = 264

நடுவே இருந்த எண் 5. அதன் வர்க்கம் 25.

36ய² + 60ய + 25 = 289

இடப்பக்கம் (6ய + 5)². வலப்பக்கம் 17-இன் வர்க்கம். ஆகவே 6ய + 5 = 17; 6ய = 12; ய = 2. ஒரு பின்னங்கூட வழியில் குறுக்கிடவில்லை!

நான்கு மடங்கு எதற்கு? மூன்று சதுரங்களைச் சேர்த்தால் ஒரு பெரிய சதுரம் ஆகாது. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது சதுரங்கள், மும்மூன்றாக அடுக்கலாம். நடு எண் ஒற்றைப்படையானால் பாதியாக்கும்போது அரை வந்து நிற்கும். ஆகையால் இன்னும் ஒரு நான்கால் பெருக்கி எல்லாப் பக்கங்களையும் இரட்டித்துவிட்டால் அந்த அரையும் தொலைந்தது. மூலையில் வைக்கவேண்டியது நடு எண்ணின் வர்க்கமே. பாதியாக்க வேண்டிய தேவையே இல்லை. பள்ளிச் சூத்திரத்தில் வரும் 'நாலு ஏ', 'பி ஸ்கொயர்', 'டூ ஏ' எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்குகிறதல்லவா? மூன்றுக்கும் ஐந்துக்கும் இருபத்திரண்டுக்கும் பதிலாக எழுத்துக்களை இட்டு இதே படிகளை நடந்தால், கடைசிப் படியில் கிடைப்பது அந்த மந்திரமே.

இம்முறைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'மத்யமாஹரணம்'. நடுவை நீக்குதல் என்று பொருள். வர்க்கமும் தனி எண்ணும் இருந்தால் மூலம் எடுத்து முடித்துவிடலாம். நடுவே வந்து தொல்லை கொடுப்பது அந்தப் பட்டைதான். அதைத் துரத்த முடியாது. பெரிய சதுரத்துக்குள் இடம் கொடுத்து அடக்கிவிடலாம்.

பாஸ்கரரிடம் குரங்குக் கணக்குகள் இரண்டு உண்டு. ஒரு கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் தோப்பில் விளையாடுகிறது, எஞ்சிய 12 குரங்குகள் குன்றின்மேல் இருக்கின்றன, மொத்தம் எத்தனை? ஒழுங்குபடுத்தி எழுதினால் ய² − 64ய = −768. அறுபத்து நான்கில் பாதி 32. அதன் வர்க்கம் 1024. இரு பக்கமும் கூட்டினால் (ய − 32)² = 256. இருநூற்றைம்பத்தாறின் மூலம் தனமாக 16; ருணமாகவும் 16. ஆகவே விடை 48 அல்லது 16. நாற்பத்தெட்டில் எட்டிலொரு பங்கு 6, வர்க்கம் 36, பன்னிரண்டு சேர்ந்தால் 48. பதினாறில் எட்டிலொரு பங்கு 2, வர்க்கம் 4, பன்னிரண்டு சேர்ந்தால் 16. இரண்டும் பொருந்துகின்றன, பாஸ்கரர் இரண்டையும் ஏற்கிறார்.

மற்றொரு கணக்கில், கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, வர்க்கித்த அளவு குரங்குகள் குகைக்குப் போய்விட்டன. கிளையில் ஒன்று மட்டும் தெரிகிறது. அதற்கு விடை 50 என்றும் 5 என்றும் வரும். ஐந்தில் ஐந்திலொரு பங்கு ஒன்று. அதிலிருந்து மூன்றைக் கழிப்பது எப்படி? ருணக் குரங்குகளை உலகம் ஒப்பாதாகையால் 5 என்ற விடையைத் தள்ளவேண்டும் என்கிறார். நம் நிலக் கணக்கிலும் 10-க்குப் பதில் −10 என்று கொண்டால் அகலம் −13 கோல் என்று வரும். அப்படிப்பட்ட நிலத்தை எந்தக் கர்ணமும் அளந்ததில்லை. சூத்திரம் தருவதை எல்லாம் வாங்கிக்கொள்ளாமல், பொருள் பொருந்துகிறதா என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 1150-இலேயே நமக்குச் சொல்லப்பட்ட பாடம்.

வர்க்கப் பூர்த்தி சமன்பாட்டோடு நின்றுவிடுவதுமில்லை. 40 முழக் கயிற்றால் ஒரு நீள்சதுரப் பாத்தியை வளைக்கவேண்டும்; எந்த அளவில் வளைத்தால் இடம் மிக அதிகம்? நீளமும் அகலமும் சேர்ந்து 20. அகலம் ய என்றால் பரப்பு 20ய − ய². இதை மூலை நிரப்பி எழுதினால் 100 − (ய − 10)² என்று ஆகும். எந்த எண்ணின் வர்க்கமும் பூஜ்யத்துக்குக் குறையாது. ஆகவே நூற்றிலிருந்து ஏதோ ஒன்று கழிந்துகொண்டேயிருக்கும்; கழிவு இல்லாமல் நிற்பது ய = 10 ஆகும்போது மாத்திரம். பத்து முழச் சதுரமாக வளைத்தால் 100 சதுர முழம் கிடைக்கும்; அதற்கு மேல் எப்படி வளைத்தாலும் கிடைக்காது. கயிறும் முளையும் கொண்டு நூறு தடவை அளந்து பார்த்தாலும் வராத உறுதி, ஒரு வரி எழுதியதில் வந்துவிட்டது.

இந்த விதியைக் கண்டவர் நம்மவரே என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. பாபிலோனியக் களிமண் பலகை அந்த முழக்கத்தைக் கேட்டுச் சிரிக்கும். இவையெல்லாம் மேனாட்டார் தந்தவை என்று சொல்வோரும் உண்டு. அவர்களுக்குப் பிரம்மகுப்தரும் ஸ்ரீதரரும் விடை கூறுவார்கள். பாபிலோனியன் வழி கண்டான். போதாயனர் செங்கல்லில் அமைத்தார். பிரம்மகுப்தர் கடனுக்கும் இடம் கொடுத்தார். ஸ்ரீதரர் பின்னத்தை ஒழித்தார். அல்-குவாரிஸ்மி படம் போட்டு நிறுவினார். இந்தச் சபையில் நம்மவர்க்கு உரிய ஆசனம் கௌரவமானது. அதை மிகைப்படுத்தவும் வேண்டா, விட்டுக்கொடுக்கவும் வேண்டா. ஆனால் ஸ்ரீதரருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை அவர் பெயரைச் சொல்வதன்று. அவர் ஏன் நான்கால் பெருக்கினார் என்பதை நம் குழந்தைகள் தமிழிலேயே எடுத்துச் சொல்லும்படி செய்வது.

அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு காகிதம், ஒரு கத்தரிக்கோல், கால் மணி நேரம் போதும். தாய்மார்களும் இதைச் செய்யலாம். பள்ளியில் கணக்கில் எத்தனை மார்க் வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டு தயங்கவேண்டியதில்லை. பட்டையைப் பிள்ளையே வெட்டட்டும், பிள்ளையே ஒட்டட்டும். மூலை காலியாக இருக்கிறதென்று பிள்ளையே சொல்லும் வரையில் பெரியவர்கள் வாயைத் திறவாமல் இருப்பதே இதில் கடினமான பகுதி.

பழகிக்கொள்வதற்கு ஒரு கணக்கைத் தந்து முடிக்கிறோம். ஓர் எண்ணின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கும், அவ்வெண்ணைப் போல் ஏழு மடங்கும் சேர்ந்து 60. எண் யாது? முதலில் பாதியாக்கும் வழியில் செய்து, பின்னர் ஸ்ரீதரர் வழியில் செய்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.